‘கேமராபெர்சன்’ ஆவணப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களோடு இந்தப் படத்தைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றையும், நான் சொல்லிச் சொல்லித் திருத்திக்கொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். படம் பார்க்காதவர்களும் தயங்காமல் படிக்கலாம். முன்கூட்டியே தெரிந்தால் சுவை கெட்டுவிடும் என்று சொல்ல இதில் மர்மமோ திருப்பமோ கிடையாது.

இது என்ன படம்?

அமெரிக்க ஒளிப்பதிவாளர் கிர்ஸ்டன் ஜான்சன் 2016இல் வெளியிட்ட ஆவணப்படம். 102 நிமிடம் ஓடும். கிட்டத்தட்ட 25 வருடம் அவர் மற்ற இயக்குநர்களுக்காக உலகம் முழுக்கச் சுற்றி ஆவணப்படங்கள் எடுத்தார். அந்தப் படங்களுக்காக எடுத்து, அவற்றில் இடம்பெறாமல் போன துண்டுகளையும் இடம்பெற்ற சிலவற்றையும் தன் வீட்டில் எடுத்த காட்சிகளையும் சேர்த்துக் கோத்திருக்கிறார். தொடக்கத்தில் சில வரிகள் மட்டும் திரையில் வரும். இவை வேறு படங்களுக்காக எடுக்கப்பட்டவை, ஆனால் இங்கே இவற்றை என் நினைவுக்குறிப்பாகப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறார். அதற்கு மேல் எந்த விளக்கமும் கிடையாது.

கிர்ஸ்டன் ஜான்சன் யார்? பெயர் கேள்விப்பட்டதே இல்லையே.

பெயர் தெரியாவிட்டாலும் அவர் எடுத்த காட்சிகளை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. மைக்கேல் மூரின் ‘ஃபாரன்ஹீட் 9/11’ (2004), அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடனைப் பற்றி லாரா பொய்ட்ரஸ் எடுத்த ‘சிட்டிசன்ஃபோர்’ (2014), அமெரிக்க ராணுவத்துக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைப் பேசிய ‘தி இன்விசிபிள் வார்’ (2012) ஆகிய படங்களிலெல்லாம் அவர் கேமரா இருக்கிறது. பிறந்தது 1965இல். தந்தை மனநல மருத்துவர். குடும்பம் கட்டுப்பாடான கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு முடித்து, மேற்கு ஆப்பிரிக்க சினிமாவில் ஈர்க்கப்பட்டு செனகல் போனார். அப்புறம் பாரிஸில் உள்ள லா ஃபெமிஸ் திரைப்படப் பள்ளியில் ஒளிப்பதிவு படித்தார்.

ஒளிப்பதிவாளர்களுக்கு இதுதான் தலைவிதி. படம் பேசப்படும், இயக்குநர் பேசப்படுவார், படத்தில் வரும் ஆள் பேசப்படுவார். எடுத்தவர் பெயர் கடைசியில் ஓடும் எழுத்துகளில் போய்விடும்.

சுயசரிதை என்கிறீர்கள். அவர் முகமே தெரியவில்லையே?

முகம் கடைசிப் பகுதியில் சில நொடிகள் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் 102 நிமிடமும் படத்தில் அவர் இருக்கிறார். அவரை எங்கே தேடுவது என்பதுதான் பழக வேண்டும்.

படம் தொடங்கிய சில நிமிடங்களில் மிசௌரி மாநிலத்தில் ஒரு நெடுஞ்சாலை. இருண்ட வானம், காலியான சாலை. கேமரா அசையாமல் நிற்கிறது. திடீரென்று மின்னல் வெட்டுகிறது. கேமராவுக்குப் பின்னாலிருந்து வியப்பில் மூச்சை இழுக்கும் சத்தம். கொஞ்ச நேரம் போகிறது. அப்புறம் ஒரு தும்மல், இன்னொரு தும்மல். இரண்டு தடவையும் வானம் குலுங்குகிறது. வேறு எந்தப் படத்திலும் எடிட்டர் முதல் வேலையாக வெட்டி எறிந்திருக்கும் ஷாட் இது. இங்கே இதற்குப் பிறகுதான் படத்தின் பெயரே வருகிறது. வானம் ஏன் ஆடியது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதால், அங்கே ஒரு உடம்பு நின்றுகொண்டிருந்தது என்பதை இனி மறக்க முடியாது.

இன்னொரு ஷாட்டில் தரையோடு தரையாக கேமரா வைத்திருக்கிறார். முன்னால் புல் மறைக்கிறது. பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு அந்தப் புல்லைப் பிடுங்கிப் போடுகிறது. எதை மறைக்கலாம், எதை விடலாம் என்று முடிவெடுக்கும் கை அது. சாதாரணமாக நாம் பார்ப்பது அந்தக் கை விலகிய பிறகு வரும் காட்சியை மட்டுமே.

நானும் கொஞ்ச காலம் கேமரா தூக்கியவன் என்பதால் இன்னொன்று சொல்கிறேன். கேமராவிலேயே பொருத்திய மைக்குக்கு மிக அருகில் இருக்கும் வாய் எடுப்பவருடையதுதான். எதிரில் இருப்பவர் பேசுவது தூரத்தில் கேட்கும். உங்கள் மூச்சு, எச்சில் விழுங்குவது, “ஐயோ” என்று வாய்க்குள் முனகுவது எல்லாம் துல்லியமாகப் பதிவாகும். பிறகு போட்டுக் கேட்கும்போது கூச்சமாக இருக்கும். எடிட்டரும் அந்த ஒலியை அடக்கிவிட்டு வேறு ஒலியைப் போடுவார். ஜான்சன் அந்த ஒலியைத்தான் தேடித் தேடி எடுத்திருக்கிறார்.

இப்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது?

முதலில் அப்படித் தோன்றவே இல்லை. ஆப்கானிஸ்தானில் அவர் சொந்தமாக ஒரு ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார். காபூலைச் சேர்ந்த ஒரு சிறுவனும் ஓர் இளம்பெண்ணும் அதில் முக்கியமானவர்கள். எடிட்டிங் நடக்கும்போது எடுத்ததை அந்தப் பெண்ணுக்குப் போட்டுக் காட்டினார். தன் முகம் வெளியே தெரிந்தால் ஆபத்து, அதனால் படத்தில் வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டார். முதலில் சம்மதித்தவர்தான். ஆனால் சம்மதம் என்பது ஒரு தடவை கையெழுத்து வாங்கியதோடு முடிந்துபோகும் விஷயமில்லை. ஜான்சன் அதை ஏற்றுக்கொண்டார். வருடக்கணக்கில் உழைத்த படம் அங்கேயே நின்றுபோனது.

அப்போதுதான் அந்தக் கேள்வி பெரிதாகிறது. இத்தனை வருடமாக நான் எடுத்த முகங்கள் எல்லாம் இப்போது எங்கே? அவர்களிடம் நான் என்ன வாக்குக் கொடுத்தேன், எதைக் காப்பாற்றினேன்? பழைய ஃபுட்டேஜை, அதாவது எடுத்து வைத்த காட்சிப் பதிவுகளை, கிளறத் தொடங்கினார். முதலில் செய்து பார்த்த வடிவம் முழுக்கப் போர்க்களம், இனப்படுகொலை, வன்கொடுமை என்று பார்க்கவே முடியாத அளவுக்குக் கனத்திருந்தது. ‘ட்ராமா கட்’, அதாவது மனக்காயங்களின் தொகுப்பு, என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். பிறகு எடிட்டர் நெல்ஸ் பாங்கர்ட்டர் வந்து சேர்ந்ததும்தான் படம் இப்போதைய உருவத்துக்கு வந்தது. அந்தச் சிறுவன் மட்டும் இந்தப் படத்தில் இருக்கிறான். ஒரு கண் பார்வை போனவன். குண்டு விழுந்து அண்ணன் இறந்ததை அவன் சொல்லும்போது கேமராவுக்குப் பின்னால் ஜான்சன் அழுவது கேட்கிறது.

வேறு இயக்குநர்களின் படத்துக்காக எடுத்ததை இவர் எப்படித் தன் படத்தில் போட முடிந்தது? ஃபுட்டேஜ் யாருக்குச் சொந்தம்?

ஒளிப்பதிவாளருக்குச் சொந்தம் இல்லை. இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கிறது. ஒளிப்பதிவாளர் பொதுவாகச் சம்பளத்துக்கோ ஒப்பந்தத்துக்கோ வேலை செய்கிறார். எடுத்தது எல்லாம் தயாரிப்பாளர் கைக்குப் போய்விடும். ஜான்சனும் தன்னுடன் வேலை பார்த்த இயக்குநர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் அனுமதி கேட்டுத்தான் வாங்கினார். இருபதுக்கும் மேற்பட்ட படங்களிலிருந்து காட்சிகள் வந்திருக்கின்றன.

இதில் நான் வியப்பது அவர்கள் கொடுத்தார்களே என்பதைத்தான். வெட்டிப்போட்ட ஃபுட்டேஜ் என்பது ஒரு இயக்குநரின் சமையலறை மாதிரி. தப்பு, தடுமாற்றம், வாக்குவாதம் எல்லாம் அதில் கிடக்கும். அதை வெளி ஆளுக்குத் திறந்து காட்ட நம்பிக்கை வேண்டும். ஒளிப்பதிவாளர் எப்படி வேலை செய்திருக்கிறார் என்பதற்கு அந்த அனுமதிகளைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியவில்லை.

பின்னணிக் குரல் இல்லை, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குத் தாவுகிறது. எப்படிப் பின்தொடர்வது?

கால வரிசையில் பார்க்காதீர்கள். ஊர்ப் பெயர் மட்டும் திரையில் வரும். போஸ்னியா, அடுத்து நைஜீரியா, அடுத்து நியூயார்க்கின் புரூக்ளின், அப்புறம் ஜான்சனின் அம்மா. முதல் இருபது நிமிடம் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும், அதை மறைக்க வேண்டியதில்லை. எங்கள் கூட்டத்தில் ஒருவர் தூங்கியே போனார்.

இந்தப் படத்தில் காட்சிகளைச் சேர்ப்பது நினைவு வேலை செய்யும் விதத்தில்தான். ஒரு கை இன்னொரு கையை நினைவுபடுத்தும். புரூக்ளினில் ஒரு இளம் குத்துச்சண்டை வீரர் தோற்றுப்போய் ஆத்திரத்தில் சுவரையும் ஆட்களையும் மோதிக்கொண்டு நடக்கிறார். கேமரா அவர் பின்னாலேயே ஓடுகிறது. அடிப்பாரோ என்று பயமாக இருக்கிறது. கடைசியில் அவர் கூட்டத்துக்குள் புகுந்து போய்ச் சேர்வது தன் அம்மாவிடம். அம்மா அவரைக் கட்டிக்கொள்கிறார். இதைத் தனியாகப் பார்த்தால் ஒரு விளையாட்டுச் செய்தி. ஜான்சனின் அம்மாவுக்கு மகள் பெயரே மறந்துகொண்டிருக்கும் காட்சிகளோடு ஒரே படத்தில் பார்த்தால் அது வேறு கனம் கொள்கிறது.

கொடுமைகள் நடந்த இடங்களை மட்டும் வரிசையாகக் காட்டும் ஒரு பகுதி இருக்கிறது. மக்கள் கொல்லப்பட்ட ருவாண்டா தேவாலயம், தாலிபான்கள் தண்டனை நிறைவேற்றப் பயன்படுத்திய காபூல் குன்றின் மேல் உள்ள நீச்சல் குளம், அமெரிக்கப் பூர்வகுடிகள் 1890இல் சுட்டுக் கொல்லப்பட்ட ‘வூண்டட் நீ’ என்ற இடம். எந்த இடத்திலும் ரத்தமோ உடலோ இல்லை. நல்ல வெளிச்சம், வெறும் சுவர், புல்தரை. இடங்களுக்கு நினைவு கிடையாது என்பதை இத்தனை அமைதியாக யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

நைஜீரியாவில் குழந்தை மூச்சுக்குத் திணறுகிறது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு உதவ வேண்டாமா?

அதிகம் சண்டை நடப்பது இந்தக் கேள்வியில்தான். கானோ நகரத்தில் ஒரு பிரசவ வார்டு. அனுபவமுள்ள மருத்துவச்சி ஒருவர் வேலை பார்க்கிறார். பிறந்த குழந்தை சரியாக மூச்சு விடவில்லை. ஆக்சிஜன் வேண்டும், அங்கே இல்லை. மருத்துவச்சி தன்னால் முடிந்ததைச் செய்கிறார். கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜான்சன் கவலையோடு கேட்பதும் காதில் விழுகிறது.

அவர் மருத்துவர் இல்லை. கேமராவை வைத்திருந்தாலும் இல்லாத ஆக்சிஜன் வந்துவிடாது. இது ஒரு பதில். ஆனால் எனக்கு இந்தப் பதில் முழுசாகப் போதவில்லை. ஒருவர் தவிக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்கு ஒரு குரூரம் வந்துவிடுகிறது, அந்தக் கண் எத்தனை நல்லெண்ணத்தோடு இருந்தாலும். ஜான்சனும் தன்னை நியாயப்படுத்தவில்லை. அப்படி நினைத்திருந்தால் இந்தக் காட்சியைச் சேர்க்காமலே விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது.

இதையே சின்ன அளவில் போஸ்னியாவில் பார்க்கலாம். ஒரு பண்ணை வீட்டு வாசலில் மரக்கட்டை, அதில் கோடாரி. நடக்கப் பழகிய வயதுள்ள இரண்டு குழந்தைகள் அதை வைத்து விளையாடுகிறார்கள். கேமராவுக்குப் பின்னால் பதறும் சத்தம் கேட்கிறது. கேமரா நகரவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பது நமக்குப் பிறகு தெரியும். எடுத்துக்கொண்டிருந்த அந்த நொடியில் அவருக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு தடவையும் இங்கே நாற்காலி நுனிக்கு வந்துவிடுவேன், முடிவு தெரிந்திருந்தும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் ஒரு கருக்கலைப்பு மருத்துவமனை. ஓர் இளம்பெண் பேசுகிறார். அவர் முகம் தெரியக்கூடாது. அதனால் கேமரா அவர் கைகளையும் கிழிந்த ஜீன்ஸையும் மட்டும் பார்க்கிறது. தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டு அவர் அழ, ஜான்சன் வேலையை மறந்து ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடுகிறார். ஆவணப்படப் பள்ளிகளில் குறுக்கே பேசாதே என்றுதான் சொல்லித் தருவார்கள். அந்தப் பெண்ணின் விரல்கள் ஜீன்ஸ் நூலைப் பிய்ப்பதைப் பார்த்த பிறகு அந்த விதியை யாரும் என்னிடம் எடுத்துச் சொல்ல வேண்டாம்.

ஃபோச்சா என்ற ஊர் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கிழக்கு போஸ்னியாவில் உள்ள ஊர். 1992இல் தொடங்கிய போரில் அங்கிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள், விரட்டப்பட்டார்கள். பெண்களை விளையாட்டு அரங்கிலும் வீடுகளிலும் அடைத்து வைத்து வன்புணர்வு செய்தார்கள். இதை விசாரித்த தி ஹேக் சர்வதேசத் தீர்ப்பாயம் 2001 பிப்ரவரியில் மூன்று பேருக்குத் தண்டனை விதித்தது. வன்புணர்வையும் பாலியல் அடிமைத்தனத்தையும் மனித குலத்துக்கு எதிரான குற்றமாக நிலைநாட்டிய முக்கியமான தீர்ப்பு அது. சாட்சி சொன்ன பெண்களைப் பற்றிய தொலைக்காட்சி ஆவணப்படத்துக்காக ஜான்சன் அங்கே போனார்.

போன இடத்தில் பண்ணைக்குத் திரும்பி வந்து வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்தோடு தங்கினார்கள். கம்பளம், ஆடுகள், காட்டில் பறித்த பழங்கள். குடும்பத்தின் மூத்த பெண்மணி போரில் தங்களுக்கு என்ன நேர்ந்தது என்ற பேச்சுக்கே பிடிகொடுப்பதில்லை. அப்போது ஜான்சன் அவர் உடை உடுத்தும் நேர்த்தியைப் பற்றிக் கேட்கிறார். பெண்மணியின் முகம் மலர்ந்துவிடுகிறது.

சில வருடம் கழித்து ஜான்சன் எடுத்த ஃபுட்டேஜைத் தூக்கிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பிப் போய் அவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார். அந்த ஊரில் கேட்ட அத்தனை கொடுமைகளையும் தாண்டி, தனக்கு நினைவில் நின்றது இந்த வீட்டில் கிடைத்த சந்தோஷம்தான் என்று அவர்களிடம் சொல்கிறார். ஆவணப்படக்காரர்கள் திரும்பி வருவது அபூர்வம். வருவேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம், அதில் நானும் உண்டு.

அந்த வயதான பிரெஞ்சுக்காரர் சாலையைக் கடக்கும் காட்சியில் ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள்?

அவர் தத்துவவாதி ழாக் தெரிதா. நியூயார்க்கில் தெருவைக் கடக்கிறார்கள். ஜான்சன் அவரை எடுத்தபடியே நடப்பதால் வண்டி வருவதைக் கவனிக்கவில்லை. தெரிதா, இவர் எல்லாவற்றையும் பார்க்கிறார், ஆனால் கிணற்றில் விழப்போகிறார் என்ற மாதிரி கிண்டல் செய்கிறார். நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்து கிணற்றில் விழுந்த பழைய கிரேக்க ஞானி தேலீஸின் கதையைத்தான் சொல்கிறார். தத்துவவாதியைப் பற்றிய கிண்டலை ஒரு தத்துவவாதியே ஒளிப்பதிவாளர் தலையில் கட்டிவிட்டார், அதுதான் வேடிக்கை.

அல்சைமர் வந்த அம்மாவைப் படம் எடுத்தது சரியா?

சரியில்லை என்று ஜான்சனே நினைக்கிறார். தன் தோற்றத்தில் மிகுந்த அக்கறை கொண்ட பெண்மணி அவர் அம்மா. இந்த நிலையில் தன்னை மற்றவர்கள் பார்ப்பதை அவர் விரும்பியிருக்க மாட்டார். சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இயலாத கட்டத்தில் மகள் எடுத்திருக்கிறார்.

அந்த ஆப்கன் பெண் வேண்டாம் என்றதும் ஒரு முழுப் படத்தையே நிறுத்தியவர் இவர். அதே கை, மறுக்க முடியாத அம்மா முன்னால் பொத்தானை அழுத்தியது. படத்தின் உயிர் எனக்கு இந்த முரணில்தான் இருப்பதாகப் படுகிறது. உலகம் முழுக்க அந்நியர்களிடம் அவர் செய்தது என்னவென்று அம்மாவை எடுத்தபோதுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். வயோமிங்கில் பலத்த காற்று. அம்மா கோட்டைப் பிடித்துக்கொண்டு தடுமாறி நிற்கிறார். ஒளிப்பதிவாளராகப் பார்த்தால் அழகான ஃப்ரேம். மகளாகப் பார்த்தால் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரம். இரண்டு பேரும் ஒரே ஆள்.

அம்மா 2007இல் இறந்துவிட்டார். அவர் அஸ்தியும் படத்தில் வருகிறது. நல்ல நாட்களில் அம்மாவை எடுக்காமல் விட்டுவிட்டோமே என்ற குறை ஜான்சனுக்கு இருந்திருக்கிறது. உலகத்தையே எடுத்தவர் வீட்டில் இருந்தவரைத் தாமதமாகத்தான் எடுத்திருக்கிறார்.

அப்பாவைப் பற்றியும் ஒரு படம் எடுத்தாராமே?

ஆமாம். ‘டிக் ஜான்சன் இஸ் டெட்’, 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அப்பாவுக்கும் ஞாபக மறதி தொடங்கியபோது, இந்தத் தடவை அவர் நினைவோடு இருக்கும்போதே, அவர் சம்மதத்தோடு, அவரையே நடிக்க வைத்து, பல விதமாக அவர் செத்துப்போவது போல எடுத்தார். கேட்க விபரீதமாக இருக்கும், பார்த்தால் சிரித்து மாளாது, அப்புறம் கண் கலங்கும். அம்மா விஷயத்தில் செய்த தப்புக்குச் செய்த பரிகாரம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். முதலில் ‘கேமராபெர்சன்’, அடுத்து இது என்ற வரிசையில் பாருங்கள்.

விருது ஏதாவது?

2016 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதல் திரையிடல். ஆஸ்கர் ஆவணப்படப் பிரிவில் முதல் சுற்றில் தேர்வான 15 படங்களில் ஒன்று, இறுதிப் பட்டியலுக்குப் போகவில்லை. அப்பா படத்துக்கு எம்மி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி விருது கிடைத்தது.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

வேண்டாம். வன்முறை திரையில் நடப்பதில்லை, ஆனால் பேச்சில் வருகிறது. டெக்சாஸில் உள்ள ஜாஸ்பரில் 1998இல் ஜேம்ஸ் பேர்ட் என்ற கறுப்பினத்தவரை வெள்ளை இனவெறியர்கள் வண்டியில் சங்கிலியால் கட்டி இழுத்துக் கொன்றார்கள். அந்த வழக்கை நடத்திய அரசு வழக்கறிஞர் பெட்டியிலிருந்து அந்தச் சங்கிலியை எடுத்துக் காட்டுகிறார். வெறும் சங்கிலிதான். பெரியவர்களுக்கே அது கொஞ்ச நாள் கூடவே வரும்.

ஒளிப்பதிவாளர்களைப் பற்றி இதுபோல வேறு படங்கள் உண்டா?

இதே போல என்றால் எனக்குத் தெரிந்து இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சில உண்டு.

1929இல் சோவியத் இயக்குநர் சீகா வெர்தோவ் எடுத்த ‘மேன் வித் எ மூவி கேமரா’ இதற்குப் பாட்டன். அதில் ஒளிப்பதிவாளராகத் திரையில் ஓடியாடுபவர் வெர்தோவின் தம்பி மிகைல் காஃப்மன். தண்டவாளத்துக்கு அடியிலும் உயரத்திலும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். அங்கே கேமராக்காரர் ஒரு வீரர். ஜான்சனிடம் அந்த வீரம் துளியும் இல்லை.

ஜாக் கார்டிஃப் பற்றி 2010இல் வந்த ‘கேமராமேன்’ வழக்கமான வாழ்க்கை வரலாற்றுப் படம், ஆனால் கார்டிஃபே உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறார். 1914இல் பிறந்து 2009இல் இறந்த அந்த ஆங்கிலேய ஒளிப்பதிவாளர், டெக்னிகலர் என்ற பழைய வண்ணப்பட முறையின் காலத்தில் பெரிய கை. ஓவியங்களிலிருந்து ஒளியைக் கற்றவர். ‘பிளாக் நார்சிசஸ்’ (1947) படத்தின் இமயமலையை இந்தியாவுக்கு வராமலே லண்டனுக்குப் பக்கத்தில் பைன்வுட் ஸ்டுடியோவில் உருவாக்கி ஆஸ்கர் வாங்கினார்கள். 1946இல் எடுத்த ஒரு படத்தில் மூடுபனி விலகுவது போலக் காட்ட வேண்டியிருந்தது. கார்டிஃப் லென்ஸ் மேல் வாயால் ஊதினார். ஆவி படிந்து மெல்லக் கலைந்தது, பனி விலகிவிட்டது. ஜான்சன் படத்தில் மூச்சு மைக்கில் விழுகிறது, இவர் படத்தில் லென்ஸில் விழுந்தது. இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தபோது எனக்குப் பிடித்தது இந்த ஒற்றுமைதான்.

லாஸ்லோ கோவாக்ஸ், வில்மோஸ் சிக்மண்ட் என்ற இரண்டு ஹங்கேரிய நண்பர்களைப் பற்றி 2008இல் ஒரு படம் வந்தது. 1956 புடாபெஸ்ட் எழுச்சியைப் படமெடுத்து, சுருள்களோடு எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குத் தப்பி, பின்னாளில் ஹாலிவுட்டையே மாற்றியவர்கள்.

நானும் ஒளிப்பதிவாளன். பழைய டேப்பெல்லாம் பெட்டியில் கிடக்கிறது. இப்படி ஒன்று செய்ய முடியுமா?

முதலில் பெட்டியைத் திறங்கள், இன்றைக்கே. பழைய வீடியோ கேமராக்களில் போட்ட மினி டி.வி. (MiniDV) டேப் காந்தப் பூச்சு கொண்டது, ஈரத்திலும் சூட்டிலும் கெடும். அதைவிடப் பெரிய சிக்கல் அதை ஓட்டும் கருவிகள். புதிதாக யாரும் தயாரிப்பதில்லை, பழையதும் ஒவ்வொன்றாகப் பழுதாகிக்கொண்டிருக்கிறது. ஒரு மணி நேர டேப்பைக் கணினிக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்லை. ஹார்டு டிஸ்க்கில் போட்டால் ஒரு பிரதியோடு நிறுத்தாதீர்கள். நான் ஒரே டிஸ்க்கில் வைத்திருந்து மூன்று வருட வேலையைத் தொலைத்தவன். எந்த ஊர், எந்த மாதம், யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது, இன்னும் பத்து வருடத்தில் உங்களுக்கும் தெரியாது.

அடுத்தது அனுமதி. சம்பளத்துக்கு எடுத்தது என்றால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள். படத்தில் இருப்பவர்களையும் முடிந்தவரை தேடிப்போய்க் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அந்த ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்தான்.

அப்புறம் தேர்வு. உங்கள் சிறந்த ஷாட்களைத் தேடாதீர்கள், அவை வேலை தேடும்போது காட்டும் மாதிரித் தொகுப்புக்கு, அதாவது ஷோரீலுக்கு. ரெக்கார்ட் அழுத்தியதற்கும் ஆள் பேசத் தொடங்கியதற்கும் நடுவில் கிடப்பதைக் கேளுங்கள். ஃபோகஸ் தேடிய நேரம், கேமரா ஓடுகிறது என்பதை மறந்து தரையை எடுத்துக்கொண்டே நடந்த நேரம், “ஒரு நிமிஷம் இருங்க” என்று நீங்கள் சொன்ன குரல். கேட்கக் கூச்சமாக இருந்தால் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்து போகலாமா?

போகாதீர்கள். காட்சிகள் எந்தெந்தப் படங்களுக்காக எடுக்கப்பட்டவை என்ற பட்டியல் அங்கேதான் வருகிறது. இருபதுக்கும் மேற்பட்ட படங்கள். வீட்டில் பார்க்கிறீர்கள் என்றால் அங்கங்கே நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது கேமரா எங்காவது லேசாக ஆடினால், யார் தும்மியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.